பூஞ்சணமும் சர்க்கரையும்

நெய்வேலி நகரியத்தில் குடியிருக்கும் நாம் அனைவரும் ஒரு விதத்தில் பூஞ்சணத்தின் தோல்வியால் பிழைத்து வருகிறவர்கள். இப்படிச் சொன்னால் நேயர்கள் திகைக்கக்கூடும். சற்றுப் பொறுமையோடு கேட்க வேண்டுகிறோம். கோடிக் கணக்கான ஆண்டுகளுக்கு முன்னால் இந்தப் பிரதேசத்தில் அடர்ந்து வளர்ந்திருந்த மரங்கள் சாய்ந்து சேற்றுக்குள் அமிழ்ந்தன. காட்டில் விழுந்த மரத்தை அரித்துத் தின்று, மறுபடியும் மண்ணாக்கிவிடுவது பூஞ்சக் காளான்களின் தொழில். ஆனால் காற்றுப் புகாத சேற்றில் அந்தத் தொழில் பாதியிலேயே நின்று போயிற்று. அவை தின்னாமல் விட்ட மிச்சத்தைத்தான் நாம் பழுப்பு நிலக்கரி என்கிறோம். 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணற்றுக்காகத் துளையிட்டபோது கறுப்பாக மேலே வந்ததும் அதுவே. 1956-ல் ஏற்பட்ட நிலக்கரி நிறுவனம் வெட்டி எடுத்து மின்சாரமாக மாற்றுவதும் அதுவே.

இந்தப் பழங்கதையை ஒன்பதாம் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு சிறுமி எழுந்து நின்றாள். "சார், மரத்தைத் தின்கிற அந்தப் பூஞ்சையும், கொரோனா சமயத்தில் மனிதர்களுக்குக் கண்ணைப் பறித்த கறுப்புப் பூஞ்சையும் ஒன்றுதானா?" என்று கேட்டாள். மிகவும் நல்ல கேள்வி. பதில் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. வகுப்பில் சொன்னதையும், மணி அடித்ததால் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இந்த வாரம் எழுதுகிறோம்.

அவை ஒன்றல்ல, ஆனால் பங்காளிகள். மரத்தை அரிக்கும் காளான் ஒரு கிளை. பழைய ரொட்டியின் மேல் பஞ்சு போலப் படரும் பூஞ்சணம் வேறொரு கிளை. கண்ணைப் பறித்தது இந்த இரண்டாவது கிளையைச் சேர்ந்தது. அதில் முக்கியமானதற்கு ரைஸோபஸ் என்று பெயர். எருக் குழியிலும், அழுகிய பழத்திலும், தோட்டத்து மண்ணிலும் அது இருக்கிறது. முதலில் வெள்ளைப் பஞ்சாகத் தோன்றும். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், பஞ்சின் நுனிகளில் மிளகுத் தூள் தூவினாற்போல வித்துப் பைகள் காணப்படும். அதன் வேகம் அசாத்தியமானது. பரிசோதனைச் சாலையில் கண்ணாடித் தட்டில் வளர்த்தால் மூடியையே முட்டும் அளவுக்கு எழும்பிவிடுவதால், 'மூடியைத் தூக்குகிறவன்' என்று இந்தக் கூட்டத்துக்கு ஆராய்ச்சியாளர்கள் செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். இதே ரைஸோபஸ் இனத்தின் ஒரு வகையைச் சோயா மொச்சையில் படரவிட்டு, டெம்பே என்னும் ஆகாரத்தை ஜாவாத் தீவினர் தலைமுறை தலைமுறையாகச் செய்து உண்டு வருகிறார்கள். ஆகவே இது பிறவியிலேயே கொடிய ஜந்து என்று சொல்லிவிடுவது நியாயமாகாது.

இதன் வித்துக்களை நேயர்களும் நாமும் தினந்தோறும் சுவாசித்துக்கொண்டுதான் இருக்கிறோம். வாசல் பெருக்கும்போதும், செடிக்கு எரு இடும்போதும், வீட்டுச் சுவரில் ஈரம் ஊறி நிற்கும்போதும் அவை மூக்கினுள் போகின்றன. போனவை முளைப்பதில்லை. காரணம், நம் தேகத்தின் காவற்காரர்கள். இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் வித்தைக் கண்டதும் சூழ்ந்துகொண்டு அழித்துவிடுகின்றன. இன்னொரு காவலும் உண்டு. பூஞ்சணம் வளர்வதற்கு இரும்புச் சத்து வேண்டும். நம் இரத்தத்திலோ இரும்பு கேட்பாரற்றுத் திரிவதில்லை. ஒரு புரதம் அதைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டு, வேண்டிய இடத்தில் மட்டும் கொண்டு போய்ச் சேர்க்கிறது. கருமி வீட்டுப் பெட்டிச் சாவி மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஆகாரமும் இல்லை, அடியும் விழுகிறது என்றால் எந்த விருந்தாளிதான் தங்குவான்?

இந்தக் காவல் தளர்ந்தால்தான் ஆபத்து. அப்படித் தளரும் தருணம் பார்த்து நுழையும் நோய்களைச் சமயம் பார்க்கும் தொற்றுக்கள் என்று வைத்திய சாஸ்திரம் வகைப்படுத்தியிருக்கிறது. இந்தப் பூஞ்சண நோயும் அந்த வகையைச் சேர்ந்ததுதான். பால்டாஃப் என்னும் ஐரோப்பிய வைத்தியர் 1885-லேயே இதைக் கண்டு விவரித்திருக்கிறார். நூறு ஆண்டுகளுக்கு மேலாக எங்கோ ஒருவருக்கு, இரத்தப் புற்றுநோய் கண்டவருக்கோ, சர்க்கரை எல்லை மீறிய நிலையில் ஆஸ்பத்திரிக்கு வந்தவருக்கோ, அபூர்வமாகக் காணப்பட்டு வந்தது. மேல்நாடுகளில் முதல் வகையினர் அதிகம். நம் நாட்டில் இரண்டாம் வகையினர் அதிகம். சண்டிகரிலுள்ள முதுநிலை வைத்தியக் கல்லூரியின் பேராசிரியர் அருணாலோக் சக்கரவர்த்தியும் அவருடைய சகாக்களும் பல ஆண்டுகளாக இதை எண்ணி எழுதி வந்தார்கள். கொரோனா வருவதற்கு முன்பே, உலகத்தின் பொதுவான அளவைப்போல் இந்தியாவில் இந்நோய் சுமார் 70 மடங்கு இருக்கலாம் என்பது அவர்களுடைய மதிப்பீடு. இதைக் கேட்டுப் பரபரப்படைந்தவர்கள் அன்று வெகு சிலரே.

பிறகு 2021-ம் வருஷத்து மே மாதம் வந்தது. அந்த மாதத்தை யார்தான் மறப்பார்கள்? ஊரடங்கு, ஆஸ்பத்திரி வாசல்களில் பிராணவாயுவுக்குக் காத்து நின்ற வண்டிகள், வாரத்துக்கு ஒரு தெரிந்த பெயராவது மரணச் செய்தியில். அதற்கு நடுவே, கொரோனாவிலிருந்து பிழைத்து வீடு திரும்பியவர்கள் சிலருக்கு மூக்கடைப்பு, கன்னத்தில் ஒரு பக்கம் மட்டும் வலி, மரத்துப் போதல், பல் ஆட்டம், இமை தொங்குதல், ஒரு பொருள் இரண்டாகத் தெரிதல் முதலியவை கண்டன. அண்ணத்தில் கறுப்புத் திட்டு தோன்றிற்று. மே 20-ந் தேதி தமிழ்நாட்டுச் சர்க்கார் இதை 1939-ம் வருஷத்துப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கிற்று. அதாவது, எந்த ஆஸ்பத்திரியில் எவருக்குக் கண்டாலும் சர்க்காருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். ஜூன் 28-ந் தேதி மத்திய சர்க்கார் கொடுத்த கணக்கின்படி நாடு முழுவதும் 40,845 பேருக்கு நோய். அவர்களில் 3,129 பேர் மரணம். பதினெட்டு வயதுக்கும் நாற்பத்தைந்து வயதுக்கும் இடைப்பட்டவர்கள் மட்டும் 13,083 பேர். கிழவர்களின் வியாதி என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 'கறுப்புப் பூஞ்சை' என்று பத்திரிகைகள் சூட்டிய பெயர் நிலைத்துவிட்டது. அடுத்த வாரமே வெள்ளைப் பூஞ்சை என்றார்கள். பிறகு மஞ்சள் பூஞ்சை என்றார்கள். வானவில்லில் மிச்சமுள்ள நிறங்களும் வந்துவிடுமோ என்று ஜனங்கள் பயந்து போனார்கள். நிறத்தை வைத்துப் பெயரிட வேண்டாம், குழப்பமே உண்டாகும் என்று தில்லி அகில இந்திய வைத்திய விஞ்ஞானக் கழகத்தின் அப்போதைய டைரக்டர் டாக்டர் ரந்தீப் குலேரியா சொல்லிப் பார்த்தார். அவர் சொன்னது சரி. ரொட்டியின் மேல் தெரியும் கறுப்பு வித்துப் பைகளின் நிறம். நோயாளியின் அண்ணத்தில் தெரிந்த கறுப்போ செத்த சதையின் நிறம். இந்தப் பூஞ்சணம் இரத்தக் குழாய்களின் சுவரைத் துளைத்து உள்ளே புகுந்து இரத்தத்தை உறையச் செய்கிறது. இரத்தம் எட்டாத சதை கருகிப் போகிறது. மூக்கை அடுத்த எலும்புப் பொந்துகளிலிருந்து கண் குழிக்கும், அங்கிருந்து மூளைக்கும் அது போகும் பாதை சில அங்குலந்தான். ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டிக்கொள்ளும் நோயல்ல இது என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த நாட்களில் நோய் கண்ட வீட்டுப் பக்கம் போகவே சில பேர் பயந்தார்கள்.

ஏன் அந்த வருஷம், ஏன் இந்த நாட்டில் என்பதுதான் கேள்வி. வதந்திகளுக்குப் பஞ்சமில்லை. ஈர முகமூடி என்றார்கள். பிராணவாயுக் குழாயில் ஊற்றிய அசுத்தத் தண்ணீர் என்றார்கள். ஆவி பிடித்தது என்றார்கள். துத்தநாக மாத்திரை என்றார்கள். இவற்றில் எதுவும் ஐயமற நிரூபிக்கப்படவில்லை. நிரூபணமான இரண்டு விஷயங்கள் அதே ஜூன் மாதக் கணக்கிலேயே இருக்கின்றன. நோய் கண்டவர்களில் நூற்றுக்கு 64 பேர் நீரிழிவுக்காரர்கள். நூற்றுக்கு 52 பேருக்கு மேல் ஸ்டீராய்டு மருந்து உட்கொண்டவர்கள்.

சர்க்கரை அதிகமாகிவிட்ட இரத்தத்தில் வெள்ளணுக்கள் சோம்பிப் போகின்றன. வித்து முளைத்து நீண்டாலும் சரிவரப் போய்ச் சூழ்வதில்லை. நீரிழிவு இன்னும் முற்றி இரத்தம் அமிலத் தன்மை அடைந்தால், இரும்பைப் பிடித்திருந்த புரதம் பிடியைத் தளர்த்திவிடுகிறது. கருமியின் சாவி தெருவில் விழுந்த மாதிரிதான்! இரும்புக்கும் இந்நோய்க்கும் உள்ள சம்பந்தத்தைச் சாஸ்திரிகள் அறிந்துகொண்ட விதம் விசித்திரமானது. சிறுநீரகம் பழுதாகி இயந்திரத்தின் மூலம் இரத்தத்தைச் சுத்தி செய்துகொண்ட நோயாளிகளுக்கு, உடலில் மிகுந்த உலோகத்தை அகற்றுவதற்காக 1980-களில் ஒரு மருந்து கொடுத்தார்கள். அந்த மருந்து இரும்பைப் பற்றியது என்னவோ உண்மை. பற்றிய இரும்பை ரைஸோபஸ் சுலபமாகப் பறித்துத் தின்றது. மருந்து பெற்றவர்களில் சிலருக்கு இதே நோய் கண்டது.

இனி ஸ்டீராய்டு. இந்த மருந்தை நாம் திட்டப் போவதில்லை. 2020 ஜூன் மாதத்தில் பிரிட்டனில் நடந்த 'ரிக்கவரி' என்ற பெரும் பரிசோதனை, டெக்ஸாமெதஸோன் என்னும் மலிவான, பழைய ஸ்டீராய்டு கொரோனாவில் உயிர் காக்கும் என்று காட்டிற்று. இயந்திரத்தின் உதவியால் சுவாசித்தவர்களின் மரணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பிராணவாயு மட்டும் பெற்றவர்களின் மரணத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அளவு, தினம் 6 மில்லிகிராம்; பத்து நாளுக்கு மேற்படாமல். ஆனால் அதே பரிசோதனை மற்றொன்றையும் சொல்லிற்று: பிராணவாயு தேவைப்படாதவர்களுக்கு அதனால் யாதொரு நன்மையும் இல்லை. செய்தியின் முன்பாதி வீட்டுக்கு வீடு பரவியது, பின்பாதி பரவவில்லை. ஸ்டீராய்டு வெள்ளணுக்களின் கையைக் கட்டும். இரத்தத்தில் சர்க்கரையையும் ஏற்றும். பூஞ்சணத்துக்கு எதிரான முதல் காவலை அது இரண்டு வழியாகத் தளர்த்துகிறது. கொரோனாவும் தன் பங்குக்குச் சர்க்கரையை ஏற்றுகிறது. பிரிட்டனிலும் இதே மருந்தைத்தான் கொடுத்தார்கள். அங்கே இந்தப் பூஞ்சணம் இவ்வளவு பேரைத் தாக்கவில்லை. நம் நாட்டிலோ மருந்து போய்ச் சேர்ந்த தேகத்தில் சர்க்கரை ஏற்கெனவே காத்திருந்தது.

நமக்கு அறிமுகமான ஒருவர். நம் பழைய மாணவன் ஒருவனுடைய தகப்பனார். சுரங்கத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த மே மாதத்தில் சாதாரணக் காய்ச்சல்தான் கண்டது. மூச்சு நன்றாகவே இருந்தது. உறவினர் ஒருவருக்கு எங்கோ எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டின் படம் கைப்பேசியில் வந்தது. அதைக் காட்டி ஒரு மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி, நாளைக்கு இரண்டு வேளையாகப் பதினைந்து நாள் சாப்பிட்டார். நல்ல பசி எடுத்தது, உடம்பு தெம்பாயிருந்தது என்று இப்போதும் சொல்கிறார். பிறகு மேல் வரிசைப் பற்களில் வலி. பல் வைத்தியரிடம் போனார். அவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்ததும், "இது பல் சமாசாரமல்ல, இந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று அனுப்பிவிட்டார். அந்தப் பல் வைத்தியரைத்தான் இவர் தம் உயிரைக் காப்பாற்றியவர் என்கிறார். ஆஸ்பத்திரியில் சோதித்தபோது இரத்தத்தில் சர்க்கரை நானூற்றுக்கு மேல். தமக்கு நீரிழிவு இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரியும். வலது கண்ணை எடுக்க வேண்டியதாயிற்று. அவரை அறிவிலி என்று எண்ணிவிட வேண்டாம். படுக்கை எங்குமே கிடைக்காத வாரங்களில், கையில் கிடைத்த சீட்டை நம்பாமல் வேறு எதை நம்புவது?

இந்நோய்க்குச் சிகிச்சை இரண்டு. கருகிய சதையைத் தாமதமின்றி வெட்டி எடுப்பது ஒன்று. எவ்வளவு சீக்கிரம் வெட்டுகிறோமோ அவ்வளவு குறைவாக வெட்டலாம். மற்றொன்று ஆம்ஃபோடெரிஸின் என்ற மருந்து. இதுவும் மண்ணின் கொடைதான். வெனிஸுலா தேசத்து ஓரினோகோ நதிப் பிரதேசத்தின் மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து 1950-களில் கண்டெடுத்தார்கள். சிறுநீரகத்தைக் கெடுக்கும் தோஷம் அதற்கு உண்டு. அதனால் கொழுப்பாலான நுண்ணிய உறைகளுக்குள் மருந்தைப் பொதிந்து கொடுக்கும் புது முறை வந்தது. அதன் விலையோ அதிகம். கணக்கு வாத்தியார் இல்லாவிட்டாலும் நாமும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு கிலோ எடைக்குத் தினம் 5 மில்லிகிராம் என்றால், 60 கிலோ மனிதருக்கு 300 மில்லிகிராம். ஒரு புட்டியில் 50 மில்லிகிராம். ஆகவே நாளைக்கு 6 புட்டிகள். மூன்று வாரத்துக்கு 126 புட்டிகள். ஒரு நோயாளிக்கு இவ்வளவு என்றால், நாற்பதினாயிரம் பேருக்கு எங்கே போவது? அபூர்வ நோய் என்று எண்ணிக் கொஞ்சமாகத் தயாரித்து வந்த மருந்து அது. மே மாதத்தில் பிள்ளைகளும் சகோதரர்களும் ஊர் ஊராக அலைந்தார்கள். ஜூன் 12-ந் தேதி அதன் மீதிருந்த வரியை நீக்கினார்கள். வரி போயிற்று; மருந்து வரச் சில வாரங்கள் ஆயின.

தேகத்தின் காவல் தளர்ந்ததைப் பூஞ்சணம் வந்து காட்டிக்கொடுப்பது இது முதல் தடவையுமல்ல. 1981 ஜூன் 5-ந் தேதி அமெரிக்காவில் வெளியான ஒரு சிறு குறிப்பில், லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து வாலிபர் ஐவருக்கு அபூர்வமான நுரையீரல் நோய் கண்டிருப்பதாக எழுதியிருந்தார்கள். வாயிலும் பூஞ்சணம் படர்ந்திருந்தது. அந்த நுரையீரல் நோயை உண்டாக்கிய கிருமியும் பூஞ்சண வர்க்கமே என்பது பிற்பாடு தெளிவாயிற்று. எய்ட்ஸ் என்ற பெருங் கொள்ளை நோயைப் பற்றி உலகத்துக்குக் கிடைத்த முதல் தகவல் அது. நம் நாட்டில் அந்தக் கிருமியை 1986-ல் சென்னையில் கண்டுபிடித்தவர்கள் டாக்டர் சுனீதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் என்பதை நம் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பது நல்லது. வந்த பூஞ்சணத்தை விரட்டுவதோடு நிற்காமல், கதவை யார் திறந்து வைத்தது என்று டாக்டர்கள் அப்போதும் தேட வேண்டியிருந்தது.

நம் வீடுகளில் கதவைத் திறந்து வைப்பது சர்க்கரை. 2023-ல் வெளியான அகில இந்திய ஆராய்ச்சி ஒன்றின்படி இந்நாட்டில் நீரிழிவுக்காரர்கள் பத்துக் கோடிக்கு மேல். நீரிழிவின் வாசற்படியில் நிற்பவர்கள் பதின்மூன்று கோடிக்கு மேல். நகரியத்தில் இராப்பகலாக முறை வைத்து வேலை பார்க்கிறவர்களுக்கு உறக்கமும் உணவும் வேளை தப்பிப் போவது புதிதல்ல. வட்டத்துக்கு வட்டம் மர நிழலில் நடைபாதை இருக்கிறது; காலையில் அங்கே வேகமாக நடப்பவர்களில் பெரும்பாலோர் வியாதி தெரிந்த பிறகு நடக்க ஆரம்பித்தவர்களே. 2021 ஆகஸ்டு 5-ந் தேதி கிருஷ்ணகிரி ஜில்லாவில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டத்தில், நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் வீடு தேடி வந்து பரிசோதித்து மாத்திரை கொடுக்க ஏற்பாடாயிற்று. பூஞ்சண நோயைத் தடுப்பதற்காக ஏற்பட்ட திட்டமல்ல அது. இருந்தாலும், இந்நோய்க்கு அதைவிடச் சிறந்த தடுப்பு நமக்குத் தெரியவில்லை. விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம், அரை நிமிஷம். கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்க அரை நாள் செலவிடுகிற குடும்பங்களில்கூட நாற்பது வயதுக்காரரின் சர்க்கரையைப் பார்க்க நேரமில்லை என்கிறார்கள்!

உலகச் சுகாதார ஸ்தாபனம் 2022 அக்டோபரில் அபாயகரமான பூஞ்சணங்களின் ஜாபிதா ஒன்றை முதல் தடவையாக வெளியிட்டது. நம் ரொட்டிப் பூஞ்சணத்தின் கூட்டம் அதில் இரண்டாம் வரிசையில் இடம் பெற்றிருக்கிறது. கொரோனாவின் அவசர நிலை முடிந்ததென்று 2023 மே மாதம் அதே ஸ்தாபனம் அறிவித்தது. பூஞ்சணத்துக்கு அப்படி ஓர் அறிவிப்பு வரப் போவதில்லை. அது எருக் குழியில் எப்போதும் போல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

வகுப்பில் இவற்றில் பாதியைச் சொன்ன மறுநாள், ஒரு பையனுடைய தாயார் பள்ளிக்கூடத்து வாசலில் நமக்காகக் காத்திருந்தார். பையனுக்குக் காச இழுப்பு. வாயில் வைத்து இழுக்கும் மருந்தில் ஸ்டீராய்டு இருக்கிறது என்று பெட்டியில் போட்டிருக்கிறதாம். "சார், பிள்ளை வந்து சொன்னதும் பயந்துபோய் நேற்று இரவு கொடுக்கவில்லை. நிறுத்திவிடட்டுமா?" என்று கேட்டார். நிறுத்த வேண்டாம் அம்மா, இன்றைக்கே கொடுங்கள் என்றோம். இழுக்கும் மருந்தில் இருப்பது மிகமிக அற்பமான அளவு. அது சுவாசக் குழாயில்தான் வேலை செய்கிறது. வேறு காரணங்களுக்காக மாதக் கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு வருகிறவர்களும் தாமாகத் திடீரென்று நிறுத்துவது மிக்க ஆபத்து. தேகம் அதைத் தானே சுரப்பதை நிறுத்தி வைத்திருக்கும். எந்த ஸ்டீராய்டானாலும் டாக்டரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: என்ன அளவு, எத்தனை நாள், நடுவில் சர்க்கரையை எப்போது பார்ப்பது? அந்த அம்மாள் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து மூன்றையும் எழுதிக்கொண்டு போனார்.